மூன்றாவது பாட்டின் கீறல்

தயாளனுக்கு,

உன் கல்யாணப் பத்திரிகையும் அதனுடன் வைத்திருந்த தனிக் கடிதமும் கிடைத்தன. பதிலைக் குறிப்புகளாகப் பிரித்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் கோபத்தில் ஏதாவது ஒன்றை விட்டுவிடுவேன்.

1. பழைய இசைத்தட்டுகளை ‘ரீமாஸ்டர்’ செய்வதாகச் சொல்லி நீ செய்யும் தொழில் ஏன் நேர்மையற்றது.
2. நீ ஏ.எல். பரீட்சை எழுதிய வருடம் நான் உனக்குச் செய்த தவறு.
3. இரண்டு வருடத்துக்கு முந்தைய தீபாவளியன்று சோதனை என்ற பெயரில் நீ என்னை ஏமாற்றியது. நீ போட்டது என் தட்டு அல்ல என்பதற்கான ஆதாரம்.
4. அந்தச் சோதனையைப் பற்றி நீ இணையத்தில் எழுதியது.
5. உன் கல்யாணத்துக்கு நான் ஏன் வரப்போவதில்லை. (இது மூன்றாவது குறிப்பை நம்பி நிற்கிறது. அது விழுந்தால் இதுவும் விழும்.)

இதன் பிரதி ஒன்றைச் செய்திப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். நீ என்னைப் பற்றி எழுதியதை முன்பின் தெரியாதவர்கள் படித்தார்கள். என் பதிலையும் அப்படிப்பட்டவர்கள் படிக்கட்டும். நேரில் என்றால் இதில் ஒரு வரியைக்கூட நான் சொல்லியிருக்க மாட்டேன். நீ எதிரே வந்து உட்கார்ந்தால் ‘சாப்பிட்டியா’ என்பதோடு என் பேச்சு நின்றுவிடும். அது உனக்கும் தெரியும். அதை நீ பல தடவை உனக்குச் சாதகமாக்கிக்கொண்டாய் என்று நினைக்கிறேன். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எழுதியதை நான் அடிக்க மாட்டேன். தேயிலைத் தொழிற்சாலைப் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது. பிழை என்று பிறகு தெரியவந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு, கீழே புது வரியில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்தாறு வருடம் அப்படி எழுதிப் பழகிய கைக்கு இனி வேறு பழக்கம் வராது.

முதல் குறிப்பு. மற்றவர்களும் படிப்பதால் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன். நான் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் டீமேக்கராக, அதாவது தொழிற்சாலைக்குப் பொறுப்பான உத்தியோகத்தனாக, இருந்தவன். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து பதுளையில் ஆங்கிலத்தில் படித்தவன். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரத் துரை, தன் ரெக்கார்ட் பிளேயரையும் பதினோரு தட்டுகளையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். மற்றவை போகட்டும். சாம்பல் உறையில் ரயில் கைகாட்டியின் படம் போட்ட தட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும். அதன் முதல் பக்கத்தில் மூன்றாவது பாட்டு ஒற்றைக் கிதாரில் தொடங்கும். விரல் கம்பியில் உரசுவது கேட்கும் அளவுக்கு மெதுவாக. பிறகு திடீரென்று ட்ரம்ஸ் விழும்போது உடம்பு தானாக நிமிரும். முன்னால் மெதுவாக இருந்ததால்தான் அந்த அடிக்குப் பலம். பிற்பாடு வந்த முதல் சீடியில் சத்தம் மெலிந்து தகரத்தில் தட்டியதுபோல இருந்தது. ஆனால் மெதுவானது மெதுவாகவே இருந்தது. புதிய பதிப்பில் அதுவும் போய்விட்டது. மெல்லிய இடங்களைத் தூக்கி, உரத்த இடங்களின் தலையைத் தட்டி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, பிறகு மொத்தத்தையும் உரக்க வைத்து விற்கிறீர்கள். உன் கணினித் திரையில் நீயே காட்டினாய். பழையது மலைத்தொடரின் வரிபோல ஏறி இறங்கிப் போனது. புதியது கவ்வாத்து வெட்டிய தேயிலை மலைபோல மொட்டையாக, ஒரே உயரத்தில் இருந்தது. அதைக் காட்டிவிட்டு, “எவ்ளோ சுத்தமா இருக்கு பாருங்கப்பா” என்றாய்.

தொழிற்சாலையில் காலையில் கோப்பைகளை வரிசையாக வைத்து ருசி பார்க்கும்போது எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. எல்லாக் கோப்பைக்கும் ஒரே எடைத் தூள், ஒரே கொதி தண்ணீர், ஒரே நிமிடம். ஒன்றில் ஒரு சிட்டிகை கூடினாலும் போதும், பழகாத ஆள் அதைத்தான் நல்ல தேயிலை என்பான். கூடியது சாயம் மட்டுந்தான் என்பது அவனுக்குத் தெரியாது. உங்கள் தொழில் அந்தச் சிட்டிகையில்தான் நடக்கிறது. கழிவுத் தூளுக்கு மினுக்கம் ஏற்றிச் சந்தைக்கு அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காவது அதைச் சொல்லக் கூச்சமிருந்தது. நீங்கள் உறையிலேயே பெரிய எழுத்தில் அச்சடிக்கிறீர்கள்.

இரண்டாவது குறிப்பு என்னைப் பற்றியது. நீ ஏ.எல். எழுதி முடித்துவிட்டுக் கொழும்புக்குப் போய், அந்தத் தட்டின் முதல் சீடியை வாங்கிவந்தாய். பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா தினம், தொழிற்சாலை மூடியிருந்தது. குவார்ட்டர்ஸின் முன்னறையில் தட்டையும் சீடியையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டோம். நான் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். உன் செல்லையா மாமாவும் இருந்தார். அம்மாவின் தம்பி என்ற உரிமையில் வாரத்துக்கு நான்கு நாள் நம் வீட்டில்தான் சாப்பாடு. எது நல்லது என்று உன்னைக் கேட்டேன்.

“சீடிதான்ப்பா. கரகரப்பு இல்ல. பேஸ் கிட்டாரு தனியா கேக்குது” என்றாய்.

“ஒனக்கு நாக்குதான் இல்லன்னு நெனச்சேன், காதும் இல்ல” என்றேன்.

உன் மாமாவுக்கு அது போதுமானதாக இருந்தது. “விடுங்க மச்சான், பய காலையில பெரட்டுக்குப் போன எடத்துல காதக் கழட்டி வச்சிட்டு வந்துட்டான் போல” என்றார். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு நீ ஒருநாளும் போனவனில்லை. இருந்தும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. நீ வீட்டுக்குள் வரும்போதெல்லாம், “காது வந்துருச்சாடா மாப்ள?” என்று கேட்பார். நீ சிரித்துவைப்பாய். நான் ஒருநாளும் அவரைத் தடுக்கவில்லை. மச்சானிடம் முகம் முறித்துப் பேச எனக்குத் தைரியம் இருந்ததில்லை என்று சொல்லலாம். உண்மை அதைவிட மோசம். அன்று என் நோட்டில், நீ வாயைத் திறப்பதற்கு முன்பே, ‘தாழ்ந்த கம்பிகள் சீடியில் தெளிவு’ என்று நானே எழுதியிருந்தேன். நீ சொன்னது சரி என்று தெரிந்துகொண்டே அப்படிப் பேசினேன். என் தட்டைவிட வேறொன்று எந்த விதத்திலாவது மேல் என்பதை, அதுவும் உன் வாயிலிருந்து, என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இந்தத் தவறை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதினேழு வயதுப் பையனிடம் ஒரு தகப்பன் பேசிய ஒரு வாக்கியத்துக்குப் பத்து வருடம் காத்திருந்து, இருபத்தேழு வயதில், ஆட்களைக் கூட்டிவைத்துப் பதில் சொல்வது தவறு என்ற கணக்கில் சேராது. அது திட்டம்.

மூன்றாவது குறிப்பு அந்தத் திட்டம். சுனாமிக்கு முந்தைய தீபாவளி. நான் ஓய்வுபெற்று ஹாலிஎல வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ கொழும்பில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். புதிய ரீமாஸ்டர் சீடியைக் கொண்டுவந்தாய். சாப்பாட்டு மேசையில் வாக்குவாதம் வந்தது. எத்தனை பதிப்பு வந்தாலும் என் தட்டைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன் என்று நான்தான் சொன்னேன். அதை மறுக்கவில்லை. உன் மாமா இருந்தார். பக்கத்து வீட்டுப் பேரம்பலம் மாஸ்டர் பலகாரத்துக்கு வந்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடம் பதுளையில் படிப்பித்து ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். எனக்குச் சரிசமமாகப் பேசக் கிடைத்த ஒரே மனிதர்.

“அப்ப சோதிச்சுப் பாக்கலாமே ஐசே” என்று தொடக்கிவைத்தது அவர்தான். நீ எழுந்த வேகத்தைப் பார்த்தால் அதற்காகவே காத்திருந்ததுபோல இருந்தது. முன்னறையின் குறுக்கே போர்வை கட்டினாய். அதற்குப் பின்னால் ரெக்கார்ட் பிளேயரும் சீடி பிளேயரும். சத்தத்தின் அளவு காட்டும் சின்னக் கருவி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, தட்டு, பழைய சீடி, புதிய சீடி மூன்றையும் ஒரே அளவுக்கு வைத்தாய். அதை நான் பார்த்தேன். அந்த இடத்தில் குற்றம் சொல்ல மாட்டேன். என் முன்னால் மூன்று வெற்றுக் கோப்பைகளை வைத்து ஒரு கரண்டியைக் கையில் கொடுத்தாய். எது என் தட்டோ அந்த எண் கோப்பையில் கரண்டியைப் போட வேண்டும். என் தொழிலின் முறை. என் தொழிலை வைத்தே என்னை அடிக்கத் தெரிந்திருந்தது உனக்கு.

மூன்றாவது பாட்டை மூன்று தடவை போட்டாய். முதலாவது மந்தமாக, கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. இரண்டாவது தகரம். மூன்றாவது தொடங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. துரை போன பிறகு முதல் தடவையாக நான் தனியாக உட்கார்ந்து கேட்ட அதே சத்தம். தாளத் தகடுகளின் மினுக்கம், விரல் உரசல், எல்லாம் முப்பது வருடத்துக்கு முன் கேட்டபடி. கண்ணில் நீர் வந்தது, அதையும் மறைக்கவில்லை. மூன்றாவது கோப்பையில் கரண்டியைப் போட்டேன். நீ போர்வையை விலக்கினாய். பிளேயரின் மேல் தட்டு அசையாமல் கிடந்தது. சுற்றிக்கொண்டிருந்தது உன் புதிய சீடி. என் தட்டு என்று நீ சொன்னது முதலாவது. அந்தக் கம்பளி.

“என்னா மச்சான், காதக் கழட்டி வச்சிட்டீங்களா?” என்று உன் மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். பேரம்பலம் மாஸ்டர், “சரி சரி, விடுங்கோ, வயசு போனா எல்லாருக்கும் உப்பிடித்தான்” என்றார். சிரிப்பைவிட அந்த ஆறுதல் எனக்குக் கசந்தது. நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். நீ பின்னாலேயே வந்தாய்.

“அப்பா, ஒரு நிமிசம். அந்த மொதல்ல போட்டேன்ல, அதுல உங்களுக்கு...”

“போதும்டா. ஜெயிச்சிட்டல்ல, போய்ச் சாப்புடு” என்றேன்.

இப்போது ஆதாரம். என் தட்டில் மூன்றாவது பாட்டின் தொடக்கத்தில், ஒற்றைக் கிதார் வாசிக்கும் இடத்தில், ஒரு கீறல் இருக்கிறது. தட்டு ஒருமுறை சுற்றினால் ஒருமுறை ‘டிக்’ என்று அடிக்கும். ட்ரம்ஸ் விழும்வரைக்கும் அடிக்கும். அது எப்படி வந்தது என்று உன்னிடம் சொன்னதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் ஓடிவந்து, “ஐயா, ஆம்பளப் புள்ள!” என்று ஜன்னலில் நின்று கத்தினான். நான் துள்ளி எழுந்ததில் கை பட்டு ஊசி தட்டின் குறுக்கே இழுத்துக்கொண்டு போனது. ஆகவே அந்தக் கீறலுக்கும் உனக்கும் ஒரே வயது. இருபத்தேழு வருடம் அந்த டிக்கோடு சேர்த்துத்தான் அந்தப் பாட்டு எனக்குப் பாட்டு. தீபாவளியன்று நீ போட்ட மூன்றில் ஒன்றிலும் அந்த டிக் இல்லை. நான் கவனமாகக் கேட்டேன், இல்லை. ஆகவே முதலாவதாகச் சுற்றியது என் தட்டு அல்ல. கொழும்பில் எங்கேயோ கிடைத்த, கீறலில்லாத, தேய்ந்துபோன வேறொரு பிரதியைப் போர்வைக்குப் பின்னால் போட்டுவிட்டு, விலக்கும்போது என்னுடையதை மேலே வைத்திருக்கிறாய். என் தட்டு அங்கே இருந்திருந்தால் நான் தோற்றிருக்க மாட்டேன்.

நான்காவது குறிப்பு. மறு மாதம் பேரம்பலம் மாஸ்டர், வெளிநாட்டிலுள்ள மகளுக்கு ஈமெயில் அனுப்பப் பதுளையில் இன்டர்நெட் கடைக்குப் போனவர், எதையோ தேடி எதையோ கண்டு, இரண்டு தாள் அச்செடுத்துக் கொண்டுவந்து தயங்கித் தயங்கி நீட்டினார். பழைய ராக் தட்டுகளின் பதிப்புகளை ஒப்பிடுகிறவர்கள் கூடிப் பேசும் பக்கம் அது. அதில் நீ எழுதியிருந்தாய்: என் அப்பா வாழ்நாள் முழுவதும் தேயிலை ருசி பார்த்தவர், பழைய தட்டைத் தவிர எதையும் ஏற்காதவர், கண்ணை மறைத்தால் அவரே ரீமாஸ்டரைத்தான் அசல் என்கிறார், இதற்கு மேல் சாட்சி எதற்கு. அதற்குக் கீழே எந்த நாட்டுக்காரனோ ஒருவன், அந்தக் கிழவருக்கு ஒரு கோப்பை வெந்நீர் கொடுத்துப் பார், தேநீர் என்று பெயரும் தரமும் சொல்லுவார் என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே நீ ஒரு சிரிப்புக் குறி போட்டிருந்தாய். மறுத்து ஒரு வார்த்தை இல்லை, தயாளன். ஒரு சிரிப்புக் குறி. செல்லையா மாமாவின் பேச்சுக்கு நான் பேசாமல் இருந்தது நினைவிருக்கிறது, அதனால் உன்னைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை என்று நீ நினைக்கலாம். எனக்கும் அப்படித் தோன்றியது. அதனால்தான் இரண்டு வருடம் பேசாமல் இருந்தேன். ஆனால் நாக்கு எனக்குச் சோறு போட்டது, உனக்கும் போட்டது. அதை முகம் தெரியாதவன் காலில் போட்டு மிதிக்க விட்டாய்.

ஐந்தாவது குறிப்பு. இப்போது உன் கடிதத்தில், கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே கண்டிக்கு வந்துவிடும்படியும், ஒரு காது டாக்டரிடம் நேரம் எடுத்து வைத்திருப்பதாகவும் எழுதுகிறாய். அம்மா கூப்பிடுவது எனக்குக் கேட்பதில்லையாம், குக்கர் விசில் கேட்பதில்லையாம், முப்பத்தாறு வருடம் தேயிலை உருட்டும் ரோலர் இரைச்சலில் நின்றால் காதின் கூர்மையான பகுதி முதலில் போகுமாம். பட்டியலே போட்டிருக்கிறாய். குக்கரின் விசில் பழுது. இரண்டு தடவை மாற்றிவிட்டேன், பதுளையில் விற்பதெல்லாம் போலி. உன் அம்மாவுக்கு வயதாகிறது, சத்தம் இறங்கிவிட்டது. கல்யாணப் பந்தலில் உன் புது மாமனார் வீட்டார் முன்னால், காதில் ஒரு பொத்தானை மாட்டிக்கொண்டு, உன் பழைய வெற்றிக்கு நான் சான்றிதழாக நிற்க வேண்டுமா? இன்னொன்றுக்கும் பதில் சொல். என் காது பழுது என்று நீ நம்பினால், என்னை எதற்காக ஊர் அறியச் சாட்சியாக நிறுத்தினாய்? ஒன்று நான் நல்ல சாட்சி, அல்லது நான் செவிடன். இரண்டையும் நீ வைத்துக்கொள்ள முடியாது. கடைசியில், “நீங்க வரலன்னா அம்மாவ மட்டுமாவது மாமா கூட அனுப்பி வைங்க” என்று முடித்திருக்கிறாய். அனுப்புகிறேன். ஏமாற்றியவன் ஏமாற்றினேன் என்று சொல்லாதவரை நான் அந்த மணவறைப் பக்கம் வரப்போவதில்லை.

இவ்வளவும் நேற்று எழுதியது. இன்று காலை பத்து மணிக்கு, மூன்றாவது குறிப்பில் ஆதாரம் போதாது என்று பட்டது. டிக் எத்தனை தடவை அடிக்கிறது என்று எண்ணி எழுதினால் நீ மறுக்க முடியாது. அந்தத் தீபாவளிக்குப் பிறகு உறையைவிட்டு எடுக்காத தட்டை எடுத்துத் துடைத்துப் போட்டேன். மூன்றாவது பாட்டு வந்தது. கிதார் வந்தது. டிக் இல்லை. நிறுத்தி மறுபடியும் போட்டேன். இல்லை. என் தட்டையே எடுத்துக்கொண்டு, கீறலில்லாத உன் பிரதியை உறைக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று நினைத்தேன். அப்படியானால் திருட்டு என்று ஆறாவது குறிப்பாக எழுத வேண்டும் என்றும் நினைத்தேன். தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கீறல் இருந்தது. நகத்தால் தடவினேன். நகம் தட்டுப்பட்டது. உறையின் உள்பக்கம் துரையின் கையெழுத்தும் இருந்தது. என் தட்டுத்தான். மூன்றாவது தடவை போட்டுவிட்டு, ஸ்பீக்கர் பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுப்படியிலிருந்து உன் அம்மா வந்து நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. தோளைத் தொட்டபோதுதான் பார்த்தேன்.

“என்னங்க, எவ்ளோ நேரமா அந்த டிக்கு டிக்கையே போட்டுக்கிட்டு இருக்கீங்க? தலைய வலிக்குது. தீபாவளி அன்னைக்கும் இதே சத்தந்தான், அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு.”

அவளை உட்காரவைத்தேன். கையில் ஒரு கரண்டியைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் மேசையில் தட்டச் சொன்னேன். “என்னா வெளையாட்டு இது, சோறு குழையுது” என்றாள். இருந்தாலும் தட்டினாள். தட்டு ஒரு சுற்றுக்குக் கரண்டி ஒருமுறை விழுந்தது. நான் கீறலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது ஊசியைக் கடக்கும் அதே நொடியில், ஒரு தடவைகூடப் பிசகாமல், கரண்டி விழுந்தது. ட்ரம்ஸ் தொடங்கும்வரை பதினான்கு தடவை. அந்தப் பதினான்கிலும் எனக்குக் கேட்டது கரண்டி மட்டும்.

முதலாவது, இரண்டாவது, நான்காவது குறிப்புகளில் மாற்றமில்லை. நான்காவதுக்கு நீ நேரில் பதில் சொல்ல வேண்டும். டாக்டரிடம் நேரத்தை உறுதிசெய்துகொள். நீ பேசும்போது என் இடப்பக்கம் நின்று பேசு.

மூன்றாவது குறிப்பு பிழை. அன்று நீ போட்டது என் தட்டுத்தான்.

அப்பா